மீட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்ட்ரிப்பைக் கேளுங்கள்

வீரவநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பீடி சுற்றுகிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை. சமீபத்தில் இரவு போடும் இன்சுலினும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்த மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது காட்டும் எண் புரியவில்லை. பக்கத்து வீட்டு மீட்டர் ஒன்று சொல்கிறது, லேப் வேறொன்று சொல்கிறது. "எதை வாங்கலாம், எதை நம்பலாம், கையில் ஒட்டும் சென்சார் நல்லதா, விவரமாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி" என்று முடித்திருக்கிறார்.

நான் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். மருந்தையும் ஊசி அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். மீட்டரைப் பற்றி மட்டும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

முதல் வேலை, எந்த மீட்டர் நல்லது என்று கேட்பதை நிறுத்துவது. வீரவநல்லூரிலோ சேரன்மகாதேவியிலோ உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மருந்துக்கடைகளுக்குப் போய், எந்த ஸ்ட்ரிப் (மீட்டரில் செருகி இரத்தச் சொட்டை வைக்கும் பட்டை) வருடம் முழுவதும் தட்டாமல் கிடைக்கிறது, ஐம்பது ஸ்ட்ரிப் டப்பா என்ன விலை என்று கேளுங்கள். அதற்குப் பொருந்தும் மீட்டரை வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல மீட்டர் கிடைக்கிறது. சில நிறுவனங்கள் இரண்டு டப்பா ஸ்ட்ரிப் வாங்கினால் மீட்டரைச் சும்மாவே கொடுக்கின்றன. யானையைத் தானமாகக் கொடுத்துவிட்டுத் தீனியை அவர்களிடமே வாங்கச் சொல்வது போன்ற வியாபாரம் இது. ஒரு ஸ்ட்ரிப் பதினெட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒரு முறை பார்த்தாலே வருடத்துக்கு 6,570 ரூபாய். மாத்திரையும் இன்சுலினும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்துவிடும். வீட்டில் குத்திப் பார்க்கும் செலவு பெரும்பாலும் கைக்காசுதான். 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலை அச்சிட்ட டப்பாவைக் கொடுத்தால், குறைந்த விலைக்குக் கேட்டு வாங்குங்கள்.

விளம்பரங்களில் ஐந்து நொடியில் முடிவு, போனோடு இணைப்பு, ஆயிரம் முடிவுகளைச் சேமிக்கும் நினைவகம் என்றெல்லாம் வருகிறது. கடைக்கு வருகிறவர்களில் அதைக் கேட்பவர் அபூர்வம். லேப்போடு ஒத்துப்போகுமா, வலிக்குமா, எழுத்து பெரிதாகத் தெரியுமா, ஐந்து ஸ்ட்ரிப் மட்டும் தனியாகத் தர முடியுமா, இவ்வளவுதான் கேள்விகள். ஐந்து நொடி ஆனால் என்ன, பத்து நொடி ஆனால் என்ன; அதற்குள் பஸ் போய்விடப் போவதில்லை.

தனியாக ஐந்து ஸ்ட்ரிப் கேட்பது நியாயமான ஆசை. வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் ஒரே மூச்சில் ஆயிரம் ரூபாயை எப்படி எடுத்து வைப்பார்? ஆனாலும் கொடுக்க முடியாது. ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸோடு வினைபுரியும் நொதி பூசப்பட்டிருக்கிறது. காற்றின் ஈரம் பட்டால் அது கெட்டுவிடும். அதனால்தான் டப்பாவுக்குள்ளேயே ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்திருக்கிறார்கள், மூடியும் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. ஒரு பேப்பரில் மடித்துக் கொடுத்த ஸ்ட்ரிப் உவரிக் கடற்காற்றிலோ செங்கோட்டைச் சாரலிலோ இரண்டு நாள் இருந்தால் அது காட்டும் எண்ணுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபாயில் உறையில் போட்டு விற்கும் ஸ்ட்ரிப்புகளும் உண்டு; கொஞ்சமாக வாங்க வேண்டியவர்களுக்கு அது தோது. இருபத்தைந்து ஸ்ட்ரிப் டப்பாவையும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றின் விலை சற்றுக் கூடும் என்றாலும், மாதம் பத்து முறை மட்டுமே பார்க்கிறவருக்கு அதுதான் லாபம். ஏனென்றால் பல நிறுவனங்களின் ஸ்ட்ரிப்பைத் திறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ ஆறு மாதமோதான் பயன்படுத்தலாம். டப்பாவின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவின் மேல் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அக்கினி நட்சத்திரத்தின்போது வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். ஓட்டு வீட்டின் பரணிலும், ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும், குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜுக்குள்ளும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது ஈரம் கோத்துக்கொள்ளும். அடுப்பங்கரை இல்லாத ஓர் அறையில், தரையை ஒட்டிய அலமாரியில் வைத்தால் போதும். மீட்டருக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. பெரும்பாலானவை 40 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக நின்றுவிடும். மே மாத மதியத்தில் எண்ணுக்குப் பதில் வெப்பமானி படம் வந்தால் மீட்டர் கெட்டுவிட்டதாக நினைத்துக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம். நிழலில் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இனி, எதை நம்புவது என்ற கேள்வி. நம் மக்கள் மீட்டரிடம் எதிர்பார்ப்பதில் பாதி இதுதான். கசப்பில் பாதியும் இதில்தான்.

வீட்டு மீட்டருக்கு உலக அளவில் ஒரு தரம் இருக்கிறது: ஐஎஸ்ஓ 15197, 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆய்வகத்தின் அளவு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மீட்டர் அதிலிருந்து 15 சதவீதம் கூடலாம், குறையலாம். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரை வேறுபடலாம். அதுவும் நூற்றுக்கு தொண்ணூற்றைந்து முடிவுகளில். மீதி ஐந்து வெளியே போனாலும் மீட்டர் தேறிவிடும். அதாவது உண்மையான அளவு 200 என்றால் 170 காட்டினாலும் சரி, 230 காட்டினாலும் சரி. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். காலையில் 148, உடனே அடுத்த விரலில் 161 என்று வந்ததும் மீட்டரைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே எண்தான். பெட்டியில் இந்தத் தரத்தின் பெயரும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

லேப்போடு ஒப்பிடும்போது இன்னும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. லேப்பில் எடுப்பது நரம்பு இரத்தம் என்று நாம் சொல்லும் சிரை இரத்தம். விரலில் வருவது நுண்குழாய் இரத்தம். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சாப்பிட்ட பின் விரல் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கும், சில சமயம் இருபது முப்பது மில்லிகிராம் வரைகூட. உடலின் செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்வதற்கு முன் உள்ள இரத்தம் அது. ஆகவே சாப்பிட்ட பிறகு எடுத்த இரண்டு எண்களை வைத்து மீட்டரைக் குறை சொல்வது சரியாகாது.

லேப் எண்ணையும் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழாயில் எடுத்து வைத்த இரத்தத்தில் உள்ள அணுக்கள் தம் பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய். அதிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கிராமத்தில் காலை ஆறு மணிக்கு இரத்தம் எடுத்து, மற்ற ஊர்களிலும் சேகரித்து, பத்து மணிக்குத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கும் இடங்களில் உங்கள் அம்மாவின் 150 அங்கே 130 ஆகியிருந்தால் ஆச்சரியம் இல்லை. அப்போது மீட்டர்தான் உண்மைக்கு அருகில் இருந்திருக்கும்.

சரியாக ஒப்பிட விரும்பினால், சோதனை செய்யும் கருவி அதே கட்டடத்தில் இருக்கும் லேப்புக்கு, வெறும் வயிற்றில், மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கையில் இரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் வரும் முடிவோடு 15 சதவீதத்துக்குள் நின்றால் மீட்டர் நல்ல மீட்டர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். மீட்டரைச் சோதிப்பதற்கென்று நிறுவனங்களே ஒரு திரவம் தயாரிக்கின்றன. நம் பக்கத்துக் கடைகளில் அதை வாங்கி வைப்பவர் குறைவு. கேட்கிறவர்கள் இருந்தால் வரவழைக்கலாம்.

பக்கத்து வீட்டு மீட்டரோடு ஒப்பிடுவது மட்டும் வேண்டாம். ஒன்று மேல் பக்கம் பத்து சதவீதம், மற்றொன்று கீழ்ப் பக்கம் பத்து சதவீதம் என்று இருந்தால் இரண்டுமே தரமானவைதான், ஆனாலும் உண்மையான அளவு 200 என்றால் நடுவில் நாற்பது மில்லிகிராம் இடைவெளி தெரியும். தவிர, பக்கத்து வீட்டில் விரலில் குத்துகிற ஊசிப் பேனாவும் அவர்களுடையது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனையில் இரத்தம் ஒட்டியிருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி அந்த வழியாகப் பரவிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு பேனா ஒருவருக்குத்தான், கணவன் மனைவியாக இருந்தாலும்.

உங்கள் அம்மாவுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று கேளுங்கள். சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று இருக்கும் பெண்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஹீமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வரம்பு போட்டிருக்கும். அது 20 சதவீதத்திலிருந்தே தொடங்கினால் உங்களுக்கு ஏற்றது, 35-இல் தொடங்கினால் வேண்டாம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்கள் ஸ்ட்ரிப்பை வாங்குவதற்கு முன் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில பழைய வகை ஸ்ட்ரிப்புகள், ஒரு வகை டயாலிசிஸ் திரவத்திலிருந்து உண்டாகும் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். அதை நம்பிக் கூடுதலாக இன்சுலின் போட்டு உயிர்ச்சேதம் வரை போனதால் 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய பிழை கைகழுவாதது. மாம்பழமோ ஏத்தன் பழமோ உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, ஒரு சொட்டு இரத்தத்தில் நூற்றுக்கணக்கில் எண்ணைக் கூட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. தண்ணீரில் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைக்க வேண்டும். அல்வா வாங்கி வந்த வீட்டில் 340 என்று வந்தால் முதலில் கையைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகு விசாரணையை ஆரம்பிக்கலாம்.

சிங்கப்பூர் மீட்டருக்கு வருகிறேன். அங்கே லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் அளக்கிறார்கள், மலேசியாவிலும் அப்படித்தான். நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அந்த எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் எண் வரும்: 7.8 என்றால் 140. கணக்குச் சுலபமாகத் தெரிந்தாலும் உங்கள் அம்மாவுக்கு அந்த மீட்டர் வேண்டாம் என்றே சொல்வேன். 11.2 என்று காட்டும்போது புள்ளியைக் கவனிக்காமல் 112, நல்ல அளவு என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். உண்மையில் அது 202. பெரும்பாலான மீட்டர்களில் அலகை மாற்ற முடியாதபடி தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். அதே பெயரில் இங்கே விற்கும் ஸ்ட்ரிப் அந்த மீட்டரில் ஏறும் என்ற உறுதியும் இல்லை. தம்பியின் அன்புக்கு அடையாளமாக அது அலமாரியில் இருக்கட்டும்.

அடுத்தது விரல். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று பீடி சுற்றும் ஊர்களில் விரல் நுனிதான் சம்பளம். பத்தமடைப் பாய் நெய்கிறவர்களுக்கும் அதே நிலை. கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் குத்திவிட்டு இலையைச் சுருட்டி மடக்க முடியாது. தூள் பட்டால் காந்தும். "குத்துவதற்கு வலி இல்லை அண்ணாச்சி, அன்றைக்கு வேலை ஓடவில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. மீட்டர் தயாரிப்பவர்கள் வலி என்று எழுதுவது வேறு, இவர்கள் சொல்லும் வலி வேறு. மோதிர விரல், சுண்டு விரல், நடு விரல் இவற்றில் குத்துங்கள். நுனியின் நடுச்சதையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கே உணர்ச்சி நரம்புகள் குறைவு, இரத்தம் தாராளம். வேலை முடித்த மாலையில் குத்துகிறவர் தூளும் இலைக் கறையும் போகக் கழுவ வேண்டும்.

பேனாவில் ஆழத்தை மாற்றும் திருகு இருக்கும். பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. சிறிய எண்ணில் தொடங்கி, இரத்தம் வராவிட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பனை ஏறியோ வயலில் இறங்கியோ காய்த்துப்போன கைக்கு ஆழம் கூடத்தான் வேண்டும். ஊசியின் எண் கூடக்கூட ஊசி மெல்லியது: 28-ஐவிட 33 மெல்லிசு. ஒரே ஊசியை வாரக்கணக்கில் வைத்துக் குத்துகிறவர்கள்தான் அதிகம். முனை மழுங்கினால் வலி கூடும். ஒரு ஊசி இரண்டு மூன்று ரூபாய், அதில் சிக்கனம் வேண்டாம். கையைத் தொங்கவிட்டுச் சிறிது உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் ஒரு சொட்டு தானாக வரும். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த விறைத்த விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் இரத்தத்தோடு திசுநீரும் கலந்து எண் தவறும். மிகக் குறைந்த இரத்தம் போதும் என்ற மீட்டர் இங்கேதான் உதவுகிறது. அரை மைக்ரோலிட்டர் அளவில் வேலை செய்யும் மீட்டர்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. முதல் சொட்டு போதாவிட்டால் சில நொடிக்குள் இரண்டாவது சொட்டை அதே ஸ்ட்ரிப்பில் ஏற்றுக்கொள்ளும் வகையும் உண்டு. பதினெட்டு ரூபாய் வீணாகாமல் காப்பாற்றும் அந்த வசதிக்கு நான் ப்ளூடூத்தைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கண்ணைப் பற்றி. சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த நோயாளிக்கென்றே செய்த கருவியில் எண் சுண்டைக்காய் அளவில்தான் தெரிகிறது. அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய், கண்ணாடி போடாமல் எண்ணை வாசிக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஸ்ட்ரிப்பின் அகலமும் முக்கியம். மெலிந்த, வழுக்கும் ஸ்ட்ரிப்பை டப்பாவிலிருந்து ஒன்றாக எடுத்துச் சரியான பக்கம் செருகுவது விரல் மரத்துப்போனவருக்குப் பெரிய பாடு. அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலியில் 1988 முதல் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறாண்டு கடந்தது. இப்படிப்பட்ட ஊரில் "நூற்று முப்பது" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லும் மீட்டர் ஒன்றுகூட என் கைக்கு விற்பனைக்கு வந்ததில்லை. பார்வையற்ற ஒருவர் தன் சர்க்கரையைத் தெரிந்துகொள்ளப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. போனோடு இணைக்கும் வசதியை இதற்குப் பயன்படுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் வாரம் ஒரு வரைபடம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மீட்டரில் எண்ணுக்குப் பதில் ஆங்கிலத்தில் எச்.ஐ. என்று வந்தால் பல மீட்டர்களில் சர்க்கரை 600-க்கு மேல் என்று பொருள். எல்.ஓ. என்றால் 20-க்குக் கீழ் அல்லது அதை ஒட்டி. இரண்டிலும் கையைக் கழுவி ஒரு முறை மறுபடி பாருங்கள். எச்.ஐ. மாறவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை. எல்.ஓ. வந்து தலைசுற்றலோ வியர்வையோ இருந்தால் மறுபடி பார்ப்பதற்கு முன்பே சீனி கொடுங்கள். இதை ஒரு தாளில் எழுதி மீட்டர் பையிலேயே வைத்துவிடுங்கள்.

எண் வந்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் மீட்டர் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. இன்சுலின் போடாத இரண்டாம் வகை நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவின் வட கரோலினாவில் 450 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி அளவில் குறிப்பிடும்படி வேறுபாடு தெரியவில்லை. மீட்டர் வீண் என்று நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு எதையும் மாற்றாவிட்டால் எண் எதையும் மாற்றாது, அவ்வளவுதான். தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் பார்த்து, நோட்டில் ஒரே மாதிரி எண்களை வரிசையாக எழுதி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மதியம் சோறு தின்ற பிறகு 280 போவது அந்த நோட்டுக்குத் தெரியவே தெரியாது.

நான் சொல்லும் முறை ஜோடியாகப் பார்ப்பது. சாப்பிடுவதற்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் போதும், ஒவ்வொரு வாரமும் வேறு வேளை. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்ட நாளில் எவ்வளவு ஏறியது, சொதி வைத்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு, இரவு பரோட்டா வாங்கிய நாளில் எவ்வளவு என்று எண்ணுக்குப் பக்கத்தில் சாப்பாட்டையும் எழுத வேண்டும். கருப்பட்டி போட்ட காபி சர்க்கரையை ஏற்றாது என்று நம் பக்கம் ஆணித்தரமாகச் சொல்வார்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். நான் யாரிடமும் இதற்காக வாதாடுவதில்லை. இரண்டு ஸ்ட்ரிப் செலவழித்து அவர்களையே பார்க்கச் சொல்லிவிடுவேன். பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். வயது, இதயம், சிறுநீரகம் பார்த்து மருத்துவர் இதைத் தளர்த்துவார்.

உங்கள் அம்மா இன்சுலின் போடுகிறவர் என்பதால் கணக்கு வேறு. இரவு ஊசியின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் காலை வெறும் வயிற்று எண்ணை வைத்துத்தான். அதனால் ஆரம்ப வாரங்களில் காலை எண் தினமும் வேண்டும். நடுஇரவில் வியர்வை, படபடப்பு, கெட்ட கனவு, காலையில் தலைவலி என்றால் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அல்வா கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் நெய் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை எந்தப் பெட்டியிலும் அச்சிட மாட்டார்கள். வீட்டில் எண்ணைச் சத்தமாக வாசித்து, "நேற்று என்ன தின்றாய்?" என்று மகனும் மருமகளும் விசாரிக்கிற வீடுகளில் அம்மாக்கள் குத்துவதை நிறுத்திவிடுகிறார்கள். அல்லது மருத்துவரைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்து நல்ல எண்ணாக எழுதிக் கொண்டுபோகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் பெண் தன்னார்வலரிடம் உண்மையைச் சொல்கிறவர், பெற்ற பிள்ளையிடம் சொல்வதில்லை. எண்ணை அம்மாவே பார்த்து அம்மாவே எழுதட்டும். நீங்கள் வாரம் ஒரு முறை நோட்டைப் பாருங்கள், குரலை உயர்த்தாமல். 1970-ஐ ஒட்டிய காலத்தில் முதல் மீட்டர்களை மருத்துவர்களுக்கு மட்டும்தான் விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர், தனக்கே சர்க்கரை நோய் இருந்ததால், மருத்துவரான மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கித் தன் இரத்தத்தைத் தானே நாள்தோறும் பலமுறை சோதித்தார். பின்னாளில் மருத்துவமும் படித்தார். நோயாளியின் கையில் இருக்க வேண்டிய கருவி இது என்பதைக் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

ரம்ஜான் நோன்பு வைக்கிற வீடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டல்கள். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாள் விரதம் இருக்கிறவர்களும் இதே அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஊசி போடுகிறவர் விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஐப்பசி பிறந்ததும் கையில் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும், மீட்டருக்கு ஒரு மாற்று பேட்டரியும் கூடுதலாக இருக்கட்டும். அதற்குமேல் சேர்த்து வைத்தால் காலாவதியாகிவிடும். பேட்டரி மாற்றினால் சில மீட்டர்களில் தேதியும் நேரமும் அழிந்துவிடும்; மறுபடி சரிசெய்யாவிட்டால் நினைவகத்தில் இருக்கும் எண்களால் மருத்துவருக்குப் பயனில்லை.

கடைசியாக, சென்சார். மேல்கையில் ஒட்டி இரண்டு வாரம் வைத்திருக்கலாம், இரவும் பகலும் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று போனில் கோடாகத் தெரியும். நல்ல கருவி. ஆனால் இரண்டு வாரத்துக்கு நான்காயிரம் ஐயாயிரம் ரூபாய் வரை ஆகிறது. நம் வெயிலில் வியர்த்து ஒட்டு விடுவதாகவும் குறை கேட்கிறேன். அது அளப்பது தோலுக்கடியில் உள்ள திசுநீரை. இரத்தத்தில் நடப்பது அதில் சில நிமிடம் தாமதமாகத்தான் தெரியும். அந்தக் கையின் மேல் சாய்ந்து படுத்தால் பொய்யாகக் குறைத்தும் காட்டும். அதனால் சென்சார் 60 என்று கூவினாலும் விரலில் ஒரு முறை குத்தி உறுதி செய்ய மீட்டர் வேண்டும். முதல் வகை நோயுள்ள குழந்தைகளுக்கும், ஒரு நாளில் நான்கு ஊசி போடுகிறவர்களுக்கும், தெரியாமலே சர்க்கரை இறங்கிவிடுகிறவர்களுக்கும் அதைத் தயங்காமல் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு இப்போது அவசியம் இல்லை. ஊசி அளவு நிலைக்காமல், காலை எண் ஒரு நாள் 90, மறுநாள் 220 என்று காரணம் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் கேட்டு ஒரே ஒரு முறை இரண்டு வாரம் ஒட்டிப் பாருங்கள். அந்த நாட்களில் அவர் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் பீடித் தட்டோடு உட்காரட்டும். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாமல் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து அப்புறப்படுத்தக் கேளுங்கள்.